எழ மறுக்கும் யானை: காற்றின் மேல் நிற்கும் வண்டிகளும் அவற்றின் கசிவும்

அலோர் காஜா என்ற ஊர்ப்பெயரிலேயே ஒரு யானை நிற்கிறது. மலாய்க்காரர் சொல்லும் ‘காஜா’வும் நம் பெரியோர் சொல்லும் ‘கஜ’மும் ஒன்றுதான். யானை மண்டியிட்டுப் பாகனை ஏற்றிக்கொண்டு எழுந்து நிற்பதை நேரில் பார்க்காவிட்டாலும் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதேபோல மண்டியிட்டு ஆளை ஏற்றும் கார்களும் உண்டு. நின்றதும் சில அங்குலம் தாழும், புறப்பட்டதும் நிமிரும். புதிதில் அது ஒரு ராஜ சுகம். வண்டிக்கு வயதானபின் கதை வேறு. இரவில் நிமிர்ந்து நின்ற வண்டி, பெரட்டு நேரத்தில் எட்டிப் பார்த்தால் ஒரு மூலை சரிந்து, சக்கரத்தின் மேல் வயிறு படியப் படுத்துக் கிடக்கும். சாவியைத் திருப்பினால் அடியிலிருந்து ‘கொர்ர்’ என்று ஒரு முனகல். சில நிமிடங்களில் எழுந்தால் அன்றைய பொழுது நல்ல பொழுது. எழாவிட்டால் பட்டறைக்காரருக்கு நல்ல பொழுது.

இப்படிப்பட்ட வண்டி நம் வீடுகளுக்கு எப்படி வந்தது என்று கேட்கலாம். ஜப்பானில் 2003-இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா ஹாரியர் வண்டியைச் சொன்னால் போதும். மலேசியாவில் ஹாரியர் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்தது 2018-இல்தான். அதற்கு முன்பு நம் சாலைகளில் ஓடிய ஹாரியர்களெல்லாம் பெரும்பாலும் ‘ரீகோன்’ என்று நாம் சொல்லும் இறக்குமதி வண்டிகள். அவற்றுள் ‘ஏர்ஸ்’ என்ற பட்டத்தோடு வந்தவைக்கு இரும்புச் சுருள் கிடையாது. நான்கு மூலையிலும் காற்றுத்தான் தாங்குகிறது. 1994 முதல் 2002 வரை வந்த ரேஞ்ச் ரோவர், 2004-இல் வந்த டிஸ்கவரி 3, 2005-க்குப் பிந்திய மெர்சிடிஸ் எம்.எல். வரிசையில் சில, போக்ஸ்வாகன் துவாரெக்கில் சில, எல்லாம் இதே சாதி. புதிதாக வந்தபோது தோட்ட மானேஜர்கூட யோசித்து வாங்கிய வண்டிகள் அவை. இன்று சில சமயம் நல்ல நிலையிலுள்ள ஒரு மைவியை விடக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஏன் அவ்வளவு மலிவு என்று விற்பவர் சொல்லமாட்டார். ஊருக்குத் திரும்பி வரும் பிள்ளை, அப்பாவின் சேமநிதிப் பணத்தில் ஒரு பங்கைப் போட்டு வாங்கிவிடுகிறான். குடும்பமே அதில் ஏறி பெங்காலான் பாலாக் கடற்கரைக்கு ஒருமுறை போய் வருகிறது. மூன்றாம் மாதம் யானை படுத்துக்கொள்கிறது.

அதன்பின் நடப்பதுதான் வேதனை. “அண்ணே, கம்ப்ரசர் போச்சு, மாத்தணும்” என்கிறார் ஒருவர். மாற்றுகிறார்கள். இரண்டு மாதத்தில் புதிய கம்ப்ரசரும் போகிறது. “அது பழைய சாமான், தம்பி. வேற ஒண்ணு பார்க்கலாம்” என்கிறார்கள். மறுபடி பணம். உண்மையில் கம்ப்ரசர் குற்றவாளியே அல்ல. அடி வாங்கியது மட்டும் அது. குற்றவாளி ஒரு வெள்ளிக்கும் குறைந்த ரப்பர் வளையமாக இருக்கக்கூடும். ஆகவே கையிலுள்ள பணத்தை எடுக்குமுன், கசிவு எங்கே என்பதை நாமே கண்டுகொள்ளும் வழியைப் பார்ப்போம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். அளவு நாடா ஒன்று, பாத்திரம் கழுவும் சோப்பு, ஒரு பழைய பெயிண்ட் தூரிகை, ஒரு நோட்டுப் புத்தகம். இவ்வளவே.

காற்று எப்படி இரண்டு டன்னைத் தாங்குகிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். விபத்து நேரும்போது ஸ்டியரிங்கிலிருந்து வெடித்து வரும் காற்றுப்பை வேறு. நாம் பேசுவது சக்கரத்துக்கு மேலே இரும்புச் சுருள் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும் தடித்த ரப்பர் பை.

கணக்கு எளிது. வண்டியின் எடை 2,000 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு மூலைக்கும் சுமார் 500 கிலோ வரும். பையின் தாங்கும் பரப்பு 100 சதுர செண்டிமீட்டர் என்றால், ஒரு சதுர செண்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் வேண்டும். நாம் பெட்ரோல் நிலையத்தில் டயருக்குப் பிடிக்கும் கணக்கில் சொன்னால் 70-க்குச் சற்று மேல். டயருக்கு நாம் பிடிப்பது 30, 32 தான். டயரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம் அந்தப் பைக்குள் அடைபட்டிருக்கிறது. ஊசி நுழையும் துளை இருந்தாலும் ஒரே இரவில் அது வெளியேறிவிடும் என்பதில் வியப்பில்லை.

இந்தக் காற்றை ஊட்டுவது சிறிய மின் கம்ப்ரசர். அதிலிருந்து காற்று ஓர் உலர்த்தியின் வழியே போகிறது. பிறகு ‘வால்வ் பிளாக்’ என்னும் வால்வுக் கட்டைக்குப் போய், அங்கிருந்து மெல்லிய நைலான் குழாய்கள் மூலம் நான்கு மூலைக்கும் பிரிகிறது. வயலுக்கு வாய்க்கால் பிரித்துவிடும் மடையைப் போன்றதுதான் அந்த வால்வுக் கட்டை. சில வண்டிகளில் காற்றைச் சேமித்து வைக்க ஒரு தொட்டியும் உண்டு. பழைய ரேஞ்ச் ரோவரில் அந்தத் தொட்டியின் அழுத்தம் ஏறக்குறைய 10 பார், அதாவது 145 வரை போகும். ஒவ்வொரு சக்கரத்தருகிலும் ஓர் உயர உணர்கருவி இருந்து, ‘இந்த மூலை தாழ்ந்துவிட்டது’ என்று கணினிக்குச் சொல்கிறது. கணினி கம்ப்ரசரை எழுப்புகிறது.

கம்ப்ரசர் சில நிமிடம் ஓடிச் சில மணி நேரம் இளைப்பாறுவதற்காகச் செய்யப்பட்டது. கசிவு உண்டானால் அதற்கு இளைப்பாற நேரமில்லை. ஓட்டைத் தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் போல ஓடி ஓடிச் சூடேறி, பிஸ்டன் வளையம் தேய்ந்து ஓய்ந்துபோகிறது. அதை மட்டும் மாற்றினால் புதிய மோட்டாரும் அதே ஓட்டைத் தொட்டிக்குத்தான் இறைக்கப்போகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பல பட்டறைகளில் இதைக் கவனிப்பதில்லை. உலர்த்திக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிறு மணிகள் உள்ளன. வண்டி முறையாகத் தாழும்போது பையிலிருந்த உலர்ந்த காற்று அந்த மணிகளின் வழியாகவே திரும்பி வெளியேறி, அவற்றின் ஈரத்தை வாரிக்கொண்டு போகும். கசிவில் போகும் காற்றோ அந்த வழியாகத் திரும்புவதில்லை. உள்ளே வருவது மட்டும் நம் நாட்டு ஈரக் காற்று. வெளியே போகும் ஈரம் இல்லை. மணிகள் ஊறிப் பொடிகின்றன. வெண்பொடி வால்வுகளுக்குள் போய் அடைக்கிறது. ஆகவே நீண்ட நாள் கசிந்த வண்டியில் உலர்த்தியை மாற்றாமல் கம்ப்ரசரை மட்டும் மாற்றுவது அரை வேலை.

நம் கைப்பட்ட பால்

இந்தப் பை எதனால் ஆனது? நைலான் இழைகளை உள்ளே வைத்து ரப்பரால் வார்க்கப்பட்டது. சிலவற்றில் இயற்கை ரப்பர், சிலவற்றில் குளோரோப்ரீன் என்ற செயற்கை ரப்பர், சிலவற்றில் இரண்டும். மலாயாவில் முதன்முதலாக வாணிபத்துக்கென ரப்பர் பயிரிட்டவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் தொடங்கினார். அதன்பின் நம் முன்னோர் மங்கும் வாளியுமாக நிரையில் இறங்கிய வரலாற்றை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பால்தான் பேருந்துக்கும் ரயிலுக்கும் பணக்காரர் காருக்கும் மெத்தையாகப் போயிற்று. அமெரிக்காவில் 1953-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நெடுந்தூரப் பேருந்துகளுக்குக் காற்றுத் தாங்கி வந்தது. இன்று பல மின்ரயில் பெட்டிகளும் காற்றுப்பையின் மேல்தான் அமர்ந்து ஓடுகின்றன. கார்களில் காடிலாக் நிறுவனம் 1957-இல் எல்டொராடோ புரோம் என்ற ஆடம்பர வண்டியில் அதைப் பொருத்தியது. அது கசிந்த கசிவில், வாங்கிய சீமான்கள் பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்புச் சுருளே மாட்டிக்கொண்டார்கள். நம் தம்பிமார் இன்று செய்வதை அமெரிக்கச் சீமான்கள் அன்றே செய்துவிட்டார்கள்! நான்கு சக்கர இயக்க வண்டிகளில் 1992-இல் ரேஞ்ச் ரோவர் இதைக் கொண்டுவந்தது.

ரப்பரின் குணம் பால் வெட்டியவர்களுக்குத் தெரியும். மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை இழுத்தால் வரும். வெயிலில் கிடந்து பழசானால் இழுக்கும்போதே வெடிக்கும். காற்றிலுள்ள ஓசோன் இழுபட்ட ரப்பரை அரிக்கிறது. வெப்பம் அதை இறுக்குகிறது. பை ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து, வண்டி ஏறி இறங்கும்தோறும் அந்த மடிப்பு உருளுகிறது. எப்போதும் மடிந்தே நிற்கும் அந்த ஓரத்தில்தான் முதல் வெடிப்பு விழும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்கு இன்னொரு தீங்கு: மடிப்புக்குள் புகுந்த சேறு காய்ந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும். கடற்கரை மணலும் அப்படியே. மாதம் ஒருமுறை வண்டியை மிக உயரத்தில் நிறுத்தி, தோட்டக் குழாயால் மடிப்பைக் கழுவிவிடுவது பெரிய காரியம். மண்ணெண்ணெய், டீசல் கொண்டு துடைக்கவே வேண்டாம். பளபளப்புக்காக டயரில் பூசும் எண்ணெயும் இங்கே ஆகாது.

உயிர் முதலில்

கசிவைத் தேடுமுன் இதைக் கட்டாயம் படியுங்கள். வீட்டில் வண்டி வைத்திருக்கும் பிள்ளையிடம் இந்தப் பகுதியை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்கள்.

காற்றின் மேல் நிற்கும் வண்டி எந்த நேரமும் தாழலாம். பை வெடிக்க வேண்டியதில்லை. கணினி நினைத்தாலே தாழும். சக்கர வளைவுக்குள் தலையையோ கையையோ விட்டிருக்கும்போது பத்து செண்டிமீட்டர் தாழ்ந்தால் போதும். ஆகவே அடியில் புகுமுன், ஜாக்கால் தூக்கி, வண்டியின் உறுதியான சட்டத்துக்கு அடியில் ‘ஜாக் ஸ்டாண்ட்’ எனப்படும் இரும்புத் தாங்கிகளை வைக்கவேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடவேண்டும். தரை சமமாகவும் உறுதியாகவும் இருக்கவேண்டும். மழைக்கு ஊறிய புல்தரை ஆகாது. வெறும் ஜாக்கை நம்பிப் புகுவது கூடாது. செங்கலும் சிமெண்டுக் கல்லும் அடுக்கி வைப்பது அதைவிடக் கெடுதி. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

ஜாக் போடுமுன் உயரக் கட்டுப்பாட்டை நிறுத்தும் பொத்தான் இருந்தால் அதை அழுத்தி நிறுத்துங்கள். இல்லையென்றால் சக்கரம் தொங்குவதைப் பார்த்து, ‘வண்டி மிக உயரமாக இருக்கிறது’ என்று கணினி தவறாக எண்ணிக் காற்றை வெளியேற்றிவிடும். ஜாக்கை எடுத்ததும் வண்டி தொப்பென்று விழும். வேலை முடியும்வரை சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். வண்டிக்குள் பிள்ளைகள் ஏறி விளையாடவே கூடாது. அழுத்தம் இருக்கும்போது எந்தக் குழாயையும் கழற்றாதீர்கள். 70, 100 என்ற அழுத்தத்தில் வரும் காற்று கண்ணில் பட்டால் கண் போகும்.

இரவுப் பரீட்சை

இனி வேலைக்கு வருவோம். மாலையில் வண்டியைச் சமதரையில், சாதாரண உயரத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே இருக்கும் சக்கர வளைவின் விளிம்புவரை அளந்து நோட்டில் எழுதுங்கள். டயரின் காற்றழுத்தம் கணக்கைக் குழப்பாமலிருக்கவே தரையிலிருந்து அளக்காமல் நடுப்புள்ளியிலிருந்து அளக்கிறோம். முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று நான்கு எண்கள். காலையில் கதவைத் திறக்காமல், சாவியைத் தொடாமல் மறுபடி அளந்து பக்கத்திலேயே எழுதுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 1994–2002 ரேஞ்ச் ரோவரில் வண்டியை நிறுத்திய பின்பும் கணினி இடையிடையே விழித்து, எந்த மூலை தாழ்ந்திருக்கிறதோ அதற்குச் சமமாக மற்ற மூன்றையும் இறக்கிவிடும். காலையில் பார்த்தால் நான்கும் ஒரே மாதிரி தாழ்ந்திருக்கும். பார்ப்பவர் நான்கு பையும் போய்விட்டன என்று நினைத்து நான்கையும் வாங்குவார். கசிவு ஒன்றில்தான் இருந்திருக்கும். வேறு சில வண்டிகளிலும் நிறுத்தியபின் மட்டம் சரிசெய்யும் வழக்கம் உண்டு. ஆகவே இரவுப் பரீட்சைக்கு முன் ஏர் சஸ்பென்ஷனுக்குரிய ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். எது என்று வண்டியின் கையேட்டில் இருக்கும். அப்போதுதான் ஒவ்வொரு மூலையும் தன் உண்மையைச் சொல்லும்.

நான்கும் சில மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் பதற வேண்டாம். பகல் 34 பாகையிலிருந்து விடியற்காலை 24 பாகைக்குக் குளிர்ந்தால் காற்று ஏறக்குறைய 3 விழுக்காடு சுருங்கும். அது இயற்கை, கசிவல்ல.

ஒரே மூலை இரண்டு மூன்று செண்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறதா? அந்த மூலையின் பை, அதற்கு வரும் குழாய், அதற்குரிய வால்வு ஆகிய மூன்றுக்குள் விடை இருக்கிறது. முன்பக்கம் இரண்டுமோ நான்குமோ ஒருசேரத் தாழ்ந்தால், பொதுவான இடத்தில் சந்தேகம் கொள்ளுங்கள்: வால்வுக் கட்டை, வெளியேற்றும் வால்வு, கம்ப்ரசருக்குப் போகும் இணைப்பு. இரவெல்லாம் அசையாமல் நின்று, காலையில் உயர மட்டும் மறுக்கிறதா? அப்போதுதான் கம்ப்ரசர் மீதோ அதன் ரிலே மீதோ குற்றம் சாட்டலாம். இந்த மூன்று வகையையும் பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. பட்டறைக்காரரிடம் பேசும்போது நம் குரலும் சற்று நிமிரும்.

ஒரே இரவை நம்பி முடிவுக்கு வரவேண்டாம். இன்னொரு இரவு வண்டியை மிக உயரத்தில் நிறுத்தி அளந்து பாருங்கள். சில பைகள் சாதாரண உயரத்தில் கசியாது. உயரும்போது மடிப்பு விரிந்து வெடிப்பு வெளியே தெரியும். சிலவோ தாழ்ந்திருக்கும்போது கசிந்து, உயர்ந்தால் அடைத்துக்கொள்ளும்.

சோப்பு நுரை

சைக்கிள் டியூப் ஒட்டத் தெரியாத தோட்டத்துப் பிள்ளை இருக்கமுடியாது. பேசினில் தண்ணீர் ஊற்றி, டியூபை அமுக்கி, குமிழி வரும் இடத்தில் தீக்குச்சியைச் செருகி அடையாளம் வைப்போமே, அதே வித்தைதான் இங்கும். வண்டியைப் பேசினில் அமுக்க முடியாததால் தண்ணீரை வண்டிக்குக் கொண்டுபோகிறோம். பாத்திர சோப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து தூரிகையால் மெல்லத் தடவுங்கள். முன்கூட்டியே நுரைக்க அடித்துவிட்டால் எது சோப்பின் நுரை, எது கசிவின் நுரை என்று தெரியாமல் போகும். தடவிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். பெரிய ஓட்டை பட்டென்று குமிழி விடும். சிறியதோ சோற்றுப் பானையில் முதல் நுரை கட்டுவதுபோல வெள்ளையாகச் சேர்ந்துகொண்டே வரும். இந்தப் பொறுமை நம் தாய்மாருக்கு அதிகம். அவர்களையும் அழைத்துக்கொண்டால் நல்லது.

பையின் கீழ் மடிப்பைச் சுற்றிலும் தடவவேண்டும். சக்கரத்துக்கு உட்புறமாகத் திரும்பியுள்ள பக்கத்தை எளிதில் மறந்துவிடுவோம். மேலே உலோக வளையம் இறுக்கிப் பிடிக்கும் இடம், குழாய் செருகியிருக்கும் வாய், வழியில் குழாய் எங்காவது சட்டத்தில் உரசும் இடம், கடைசியாக வால்வுக் கட்டை, கம்ப்ரசரின் வாய் என்று வரிசையாகப் போகலாம். மின் இணைப்புகளின் மேல் தண்ணீரை ஊற்றவேண்டாம். தூரிகையின் நுனி போதும்.

சோப்பு எதையும் காட்டவில்லை, ஆனால் ஒரு மூலை மட்டும் தாழ்கிறது என்றால் சந்தேகம் வால்வின் உட்புறத்தில். பைக்கும் வால்வுக் கட்டைக்கும் இடையில், அந்த அளவுக் குழாய்க்கும் அழுத்தத்துக்கும் ஏற்ற ஒரு சிறு திருகுக் குழாயைப் பொருத்தி மூடிவிட்டு இரவு விட்டுப் பாருங்கள். காலையில் அந்த மூலை நின்றிருந்தால் பை நல்லது, வால்வுக் கட்டைதான் காற்றை விடுகிறது. தாழ்ந்திருந்தால் பையோ அதன் இணைப்போதான். இதைப் பட்டறையில் செய்யச் சொல்லலாம். நல்ல மெக்கானிக் மறுக்கமாட்டார்.

எதைச் சரிசெய்யலாம், எதை மாற்றவேண்டும்?

குழாய் இணைப்பில் கசிவு என்றால் மகிழ்ச்சி அடையுங்கள். செலவு மிகக் குறைவு. காற்றை இறக்கியபின், இணைப்பின் வளையத்தை உள்ளே அமுக்கிக்கொண்டு குழாயை இழுத்தால் வரும். பல ஆண்டு பிடிபட்டிருந்த நுனியில் கீறல் விழுந்திருக்கும். நீளம் இருந்தால் ஒரு செண்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி செருகலாம். புது பிளேடால் நேராக வெட்டவேண்டும். கத்திரிக்கோலால் சாய்வாக நறுக்கினால் மறுபடி கசியும்.

வால்வுக் கட்டை கசிவது பெரும்பாலும் அதனுள்ளே இருக்கும் ‘ஓ ரிங்’ எனப்படும் ரப்பர் வளையங்களால். வெப்பத்தில் வெந்து, உருண்டையாக இருக்கவேண்டியவை தட்டையாகி இறுகியிருக்கும். ஒன்று போயிருந்தால் மற்றவையும் அதே வயதினவே. ஆகவே முழுத் தொகுதியையும் மாற்றிவிடவேண்டும். பழைய ரேஞ்ச் ரோவருக்கு இந்த வளையங்கள் தொகுதியாகவே விற்கப்படுகின்றன. சக்கர கிரீஸைப் பூசாதீர்கள். சிலிகோன் கிரீஸை விரல்நுனியில் எடுத்து மெல்லியதாகத் தடவினால் போதும். கழற்றும்போது ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. அந்த வசதி நம் அப்பா காலத்து மெக்கானிக்குக்கு இல்லை.

பை வெடித்திருந்தால் ஒட்டுப்போடும் பேச்சே வேண்டாம். டியூபில் ஒட்டும் ஒட்டு, உருளும் மடிப்பில் நிற்காது; நின்றதுபோல் நடித்துச் சாலையில் காலை வாரிவிடும். புதிய பை வாங்குங்கள். முன்பக்கம் ஒன்று போயிருந்தால், அதே வயதுள்ள அடுத்ததையும் சேர்த்து மாற்றுவது சிக்கனம். மாட்டும்போது ஒரு விதி: காற்றில்லாத வெறும் பையின் மேல் வண்டியின் எடையை இறக்கக்கூடாது. மடிப்பு கோணலாக அமுங்கிக் கிழியும். முதலில் கொஞ்சம் காற்று ஏற்றி, மடிப்பு ஒழுங்காக உருண்டதைக் கண்ணால் பார்த்தபின்பே ஜாக்கை இறக்கவேண்டும்.

பழைய சாமான் கடைகளில், ‘ஹாஃப் கட்’ என்று பாதியாக வெட்டிக் கொண்டுவரும் ஜப்பானிய வண்டிகளிலிருந்து எடுத்த பாகங்கள் கிடைக்கும். என் கருத்து இதுதான்: உயர உணர்கருவியை அங்கே வாங்கலாம், கம்ப்ரசரைச் சோதித்துப் பார்த்து வாங்கலாம், பையை மட்டும் வாங்கவே கூடாது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. கம்ப்ரசரை மாற்றினால் அதன் ரிலேயையும் சேர்த்து மாற்றுங்கள். ரிலே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடி எரிந்துவிடும். விலை உயர்ந்ததைக் காக்க விலை குறைந்ததை மாற்றுவதில் நட்டமில்லை.

“எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு ஸ்பிரிங் மாட்டிடுங்க அங்கிள், தொல்லை விட்டுது” என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. அது முட்டாள்தனம் அல்ல. வண்டியை இன்னும் பல ஆண்டு வைத்திருக்கப்போகிறவர், பாரமேற்றாதவர், உயரத்தைக் கூட்டிக் குறைக்கத் தேவையில்லாதவர் அப்படிச் செய்யலாம். மெத்தையில் போவதுபோன்ற ஓட்டம் போய்விடும். எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்காதபடி கணினியையும் சரிசெய்யவேண்டும். விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டுவது சரிசெய்தல் ஆகாது. மாட்டுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் இந்த மாற்றத்துக்கு அனுமதி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் மாற்றத்துக்குப் பரிசோதனைக்குப் போகும் அன்று நிலையத்தில் நின்று வாதாடிப் பயனில்லை. ஆனால் ஓர் ஓ ரிங் மாற்றவேண்டிய வண்டிக்கு நான்கு ஸ்பிரிங் மாட்டுவது, தலைவலிக்குத் தலையை எடுப்பதுதான். கசிவைக் கண்டபின் முடிவெடுங்கள்.

வழியில் வண்டி படுத்துவிட்டால் என்ன செய்வது? சக்கர வளைவு டயரில் உரசாமலிருந்தால், உள்ளூர்ச் சாலையில் மெதுவாக அருகிலுள்ள பட்டறைவரை போகலாம். சிம்பாங் அம்பாட்டில் நெடுஞ்சாலை ஏறி வேகம் எடுக்க நினைக்காதீர்கள். உரசும் டயர் வெகுதூரம் தாங்காது. உரசினால் அங்கேயே நிறுத்தி, வண்டியை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் இழுவை லாரியை அழைப்பதே முறை.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. பெகோவில் ஹோண்டா கார் ஆலை 2003 முதல் இயங்குகிறது. நம் பிள்ளைகள் பலருக்குக் காரின் உள்ளும் புறமும் அத்துப்படி. அப்படிப்பட்ட ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். விற்பவரிடம், “நாளைக் காலையில் வருகிறோம், நாங்கள் வரும்வரை வண்டியைத் தொடவேண்டாம்” என்று சொல்லிவையுங்கள். போனதும் முதலில் எஞ்சின் மூடியின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் எழுப்பிவிட்டார்கள் என்று பொருள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். குளிர்ந்திருந்தால் நான்கு மூலையையும் அளந்துகொள்ளுங்கள். பிறகு சாவியைத் திருப்பி, எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணைகின்றனவா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். எஞ்சினை ஓடவிட்டு மிக உயரத்துக்கு ஏற்றி, கைக்கடிகாரத்தில் நேரம் பாருங்கள். உயர்ந்தபின் கம்ப்ரசரின் முனகல் நின்றுவிடவேண்டும். நின்று, ஐந்து நிமிடத்தில் மறுபடி தொடங்கினால், அடியில் எங்கோ காற்று போய்க்கொண்டிருக்கிறது; பைகளின் விலையையும் கூலியையும் கேட்டு எழுதிக்கொண்டு, அந்தத் தொகையைக் கழித்தபின் விலை பேசுங்கள்.